மலையடிவாரத்துச் சதுரங்கம்: பாளையங்களும் கூட்டணிகளும்

வியூக விளையாட்டுகளை, அவை பலகையில் ஆடப்படுவனவாயினும் கணினியில் ஆடப்படுவனவாயினும், ஆடுவோரை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். படை திரட்டி அண்டை நாட்டை விழுங்க முனைபவர் ஒருவர். கோட்டையை உயர்த்திக் கருவூலத்தை நிரப்பிக்கொண்டு காத்திருப்பவர் மற்றொருவர். மூன்றாமவர் படையும் பொருளும் குறைந்தவர். தூது விடுத்து, உடன்படிக்கை செய்து, இரு பெரியவர்களின் பகையைத் தமக்கு அரணாக்கிக்கொண்டு வாழ்பவர். இம்மூன்றாமவரின் ஆட்டமே நுட்பமானது என்று அத்துறையில் தேர்ந்தவர்கள் கூறுவர்.

அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் உருவாக்கி 1959இல் வெளியான ‘டிப்ளமசி’ என்னும் பலகை விளையாட்டு முற்றிலும் இவ்வகை ஆட்டத்திற்கென்றே அமைந்தது. முதல் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள் அதில் மோதுகின்றன. பகடை இல்லை, எனவே நற்பேற்றுக்கும் இடமில்லை. ஆட்டக்காரர்கள் தனித்தனியே சந்தித்துப் பேசிக்கொள்ளலாம், வாக்குறுதி தரலாம், ஆனால் எந்த வாக்குறுதியும் எவரையும் கட்டுப்படுத்தாது. பிறகு அனைவரும் தத்தம் ஆணைகளை எழுதி ஒரே நேரத்தில் வெளியிடுவர். துணையின்றி எவரும் முன்னேற முடியாது. தனி வெற்றி வேண்டுமெனில், எங்கோ ஓரிடத்தில் அத்துணையைக் கைவிடாமலும் முடியாது. 2022இல் மெட்டா நிறுவனத்தார் ‘சிசரோ’ என்னும் செயற்கை நுண்ணறிவை இவ்விளையாட்டில் மனிதரோடு பேரம் பேசி ஆடச் செய்தனர். அது செய்தியாயிற்று.

எனினும், இவ்வாட்டத்தைக் காண ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால் போதும். அங்கே சுவர்போல் எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவும், அதன் அடிவாரத்திலிருந்து கிழக்கே திண்டுக்கல் வரையும் தெற்கே நெல்லை வரையும் விரிந்து கிடந்த பாளையங்களும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரும் ஆட்டப்பலகையாகவே இருந்தன. ஆட்டத்தில் தோற்றவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க முடியவில்லை என்பதே வேறுபாடு.

பலகையும் காய்களும்

பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவர்தம் தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்த பாளைய முறை நாம் அறிந்ததே. நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒவ்வொன்றின் காவலும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பு என்பது மரபுச் செய்தி. பாளையக்காரர் வரி தண்டுவார், ஒரு பங்கை மதுரைக்குக் கப்பமாகச் செலுத்துவார், ஒரு பங்கில் படை வைத்திருப்பார், எஞ்சியது அவருடையது. போடிநாயக்கனூர் இப்பாளையங்களுள் ஒன்று.

இம்முறையைப் படை அமைப்பாக மட்டும் காண்பது போதாது. அது ஓர் உறவு அமைப்பு. ஒவ்வொரு பாளையக்காரரும் மதுரையோடு ஓர் உடன்பாட்டிலும், அண்டைப் பாளையத்தோடு ஒரு நட்பிலோ பகையிலோ கட்டுண்டிருந்தார். மதுரை வலுவாக இருந்தவரை இவ்வுறவுகள் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றன. 1730களில் நாயக்கர் ஆட்சி முடிவுற்றபோது மையம் மறைந்தது. காய்கள் மட்டும் பலகையில் எஞ்சின.

அவ்வேளையில் போடிப் பகுதியைச் சூழ்ந்து நின்றவர்கள் யாவர்? மலைக்கு அப்பால் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் விரிந்துகொண்டிருந்த திருவிதாங்கூர். மலையின் மேலேயே உரிமை கொண்டாடிய பூஞ்ஞாறு அரசக் குடும்பம். மதுரைப் பாண்டியர் வழி வந்ததாகத் தம் மரபைக் கூறிக்கொண்டவர்கள். வடகிழக்கே திண்டுக்கல்லில் மைசூர். 1755இல் அங்குப் பௌஜ்தாராக அமர்ந்த ஐதர் அலி பின்னாளில் மைசூரையே ஆண்டார். கிழக்கே ஆர்க்காட்டு நவாபும் அவருக்குக் கடன் கொடுத்த ஆங்கிலக் கும்பினியும். இத்தனை பேருக்கும் நடுவே, சில நூறு படைவீரரும் ஒரு மண்கோட்டையும் வைத்திருந்த பாளையக்காரருக்குப் படைவலி என்பது ஒரு வழியாகவே இருக்க முடியாது. யாரோடு சேர்வது, எப்போது விலகுவது என்பதுதான் அவருடைய அரசியல் முழுமையும்.

நூலோர் கண்ட வழி

இவ்வினாவை நம் பழைய அரசியல் நூல்கள் நேராகவே எதிர்கொண்டுள்ளன. வள்ளுவர் வலியறிதலைப் பேசுமிடத்துத் தன்வலி, மாற்றான் வலியோடு துணைவலியையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறார். துணை என்பது அவருக்கு உணர்ச்சியன்று; எடைபோட வேண்டிய ஒரு பொருள்.

சாமசாத்திரியார் கண்டெடுத்து 1909இல் பதிப்பித்த கௌடில்யரின் அர்த்தசாத்திரம் இன்னும் விரிவாகச் செல்கிறது. அண்டை நாட்டான் இயல்பான பகைவன், அவனுக்கு அப்பால் உள்ளவன் இயல்பான நண்பன் என்னும் அரசவட்டக் கொள்கையைப் பலர் அறிவர். சந்தி, போர், வாளாவிருத்தல், படையெடுப்பு, அடைக்கலம், இரட்டை நிலை என்னும் ஆறு வழிகளையும் அறிவர். ஆனால் அந்நூலின் பன்னிரண்டாம் பகுதி வலிமை குன்றிய அரசனுக்கென்றே எழுதப்பட்டது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. வலியவன் வரும்போது நாணல்போல் வளைந்துவிடுக என்று ஓர் ஆசிரியர் கூறுகிறார்; முழுப்படையோடும் மோதி மடிக என்று மற்றொருவர் கூறுகிறார். கௌடில்யர் இரண்டையும் மறுக்கிறார். எப்போதும் வளைபவனுக்கு வாழ்வில் நம்பிக்கை இல்லை. படையின்றி மோதுபவன் தெப்பமின்றிக் கடலில் இறங்குபவன். எனவே தன்னைத் தாக்குபவனுக்கு நிகரான வேறோர் அரசனையோ அழிக்கவியலாத அரணையோ சார்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் முடிபு. மேலும், படையெடுத்து வருபவன் பணிவோடு நிறைவுறுபவனா, நிலமும் பொருளும் கேட்பவனா, உயிரும் குடும்பமும் வரை பறிப்பவனா என்று முதலில் அறிந்துகொள்ளவும் சொல்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாளையக்காரர் எவரும் இந்நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்கள் எதிர்கொண்ட வினா இதுவேதான். கும்பினி இம்மூவருள் எவ்வகை?

களக்காடு என்னும் விலை

கூட்டணி எவ்வாறு கட்டப்படுகிறது, எவ்வாறு குலைக்கப்படுகிறது என்பதற்குத் தெற்குச் சீமையில் தெளிவான சான்று நெற்கட்டும்செவல் பூலித்தேவருடைய வரலாறு. 1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கப்பம் தண்டத் தெற்கே வந்தனர். பூலித்தேவர் பணம் தர மறுத்தார். அவர்கள் சென்ற பின் அவர் செய்த முதல் வேலை படை பெருக்குவதன்று. மேற்குப் பாளையங்களை ஒன்று சேர்ப்பது. மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூரையும் துணைக்கு அழைத்தார். களக்காட்டுப் பகுதியின் மேல் திருவிதாங்கூருக்கு நெடுநாளாகவே கண் இருந்தது. அதுவே அக்கூட்டின் பிணைப்பு.

இங்கு ஒரு குறையும் உடன் பிறந்தது. மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் மறவருடையன. கிழக்குப் பாளையங்கள் பெரும்பாலும் தெலுங்கு பேசிய நாயக்கருடையன. பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அன்று பூலித்தேவரின் அணியில் சேரவில்லை, எதிரணியில் நின்றன. பின்னாளில் கும்பினியை எதிர்த்துப் புகழ்பெற்ற பாஞ்சாலங்குறிச்சி, அரை நூற்றாண்டுக்கு முன் அதே கும்பினியின் பக்கம் இருந்தது என்பது நம் மேடைப் பேச்சுகளில் இடம்பெறாத செய்தி.

1759இல் யூசுப்கான் தெற்கே திரும்பி வந்தபோது, அக்கூட்டின் வலுவான காலை முதலில் அறுத்தார். திருவிதாங்கூர் எதற்காகப் பூலித்தேவரோடு நிற்கிறது என்று ஆராய்ந்தார். விடை களக்காடு என்று கண்டார். களக்காட்டைத் தாமே கொடுத்துவிட்டார். நேற்றுவரை பூலித்தேவருக்குத் துணை நின்ற மலையாளப் படை இன்று அவரை எதிர்த்து வந்தது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் வாசுதேவநல்லூரில் யூசுப்கான் தோற்றே பின்வாங்கினார். கூட்டு இழந்த பின்னும் பூலித்தேவர் 1761 வரை தாக்குப்பிடித்தார் என்பது அவர் வீரத்துக்குச் சான்று. ஆனால் முடிவு 1759இலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஒரே ஒரு பொருளுக்காக உடன் நிற்கும் துணைவரை அதே பொருளைக் கொடுத்து எவரும் விலைக்கு வாங்கிவிடலாம் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். யூசுப்கானும் இப்பாடத்தின் மறுபக்கத்தைப் பின்னர்க் கற்றார். 1763இல் அவரே நவாபையும் கும்பினியையும் எதிர்த்து மதுரையில் கொடியேற்றியபோது, அவரால் ஒடுக்கப்பட்ட பாளையங்களிலிருந்து அவருக்காக எழுந்து வரப் பெருங்கூட்டம் எதுவும் இருக்கவில்லை. 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

விருப்பாட்சியின் கதவு

இதற்கு நேர்மாறான கூட்டணி ஒன்று திண்டுக்கல் பக்கம் முளைத்தது. 1772 சூன் மாதத்தில் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் மகளோடும் அமைச்சர் தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரர்களோடும் வெளியேறி, விருப்பாட்சிப் பாளையத்தில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றார். தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு மடல் எழுதிப் படையுதவி கேட்டார். உதவி உடனே வரவில்லை. எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1780இல், ஐதர் ஆங்கிலேயரோடு மீண்டும் போர் தொடுத்த வேளையில், சிவகங்கை மீட்கப்பட்டது.

கோபால நாயக்கருக்கு இவ்வுதவியால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. நாடிழந்த ஓர் அரசியைக் காப்பது, நவாபின் பகையைத் தேடிக்கொள்வது. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் விளைந்த நம்பிக்கை இருபது ஆண்டுகளுக்குப் பின் பயன் தந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பினிக்குச் சென்றது. போடி உள்ளிட்ட மலையடிவாரப் பாளையங்கள் அனைத்தும் ஒரே கையெழுத்தில் தலைவர் மாறின. அவர்களை எவரும் கேட்கவில்லை. 1799இல் திப்பு வீழ்ந்தார். கட்டபொம்மனும் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். வேற்றரசனைச் சார்ந்து நில் என்று கௌடில்யர் சொன்ன வழி அடைபட்டது. சார்வதற்கு வேறு பேரரசன் இல்லை.

அப்போதுதான் கோபால நாயக்கர், எளியவர்களே ஒருவரையொருவர் சார்வது என்னும் வழியைத் தேர்ந்தார். மணப்பாறை, தேவதானப்பட்டி முதலிய பாளையத் தலைவர்கள் திண்டுக்கல் கூட்டணியில் இணைந்தனர். சிவகங்கையில் மருது சகோதரர்கள், மலபாரில் பழசிராஜா, மைசூர்ப் பக்கத்தில் தூந்தாஜி வாக் என்று தொடர்புகள் நீண்டன. மொழியாலும் குலத்தாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள் ஒரே நாளில் எழுவதென்று திட்டமிட்டனர். வரலாற்றாசிரியர் கே. இராசய்யன் இதனைத் தென்னிந்தியப் புரட்சி என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். பூலித்தேவர் காலத்தில் மறவர் அணி, நாயக்கர் அணி என்று பிரிந்து கிடந்த பலகையில், அரை நூற்றாண்டுக்குள் இப்படி ஒரு கூட்டு அமைந்தது வியப்புக்குரியது.

அது தோற்றது. 1800 சூன் 3ஆம் நாள் கோயம்புத்தூர்ப் படைமுகாம் மீது நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பிடிபட்டோரில் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் மாதத்தில் தூந்தாஜி கொல்லப்பட்டார். வடக்குக் கை ஒடிந்தது. அடுத்த ஆண்டு சூன் மாதத்தில் சின்ன மருது திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டிய அறிக்கை, சாதி சமய வேறுபாடின்றி அனைவரையும் அழைத்தது. 1801 அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். கோபால நாயக்கரின் முடிவும் தூக்குக்கயிறே.

தோல்விக்குக் காரணம் ஒற்றுமைக் குறைவு என்று சொல்வது எளிது. உண்மையான காரணம் தொலைவு என்பது என் கருத்து. மலபாருக்கும் சிவகங்கைக்கும் மைசூருக்கும் இடையே செய்தி கொண்டுசெல்ல மலைப்பாதைகளே இருந்தன. கும்பினியோ ஒரே தலைமையின்கீழ் ஒவ்வொரு முனையையும் முறைவைத்துத் தாக்கியது. ஒரே நேரத்தில் ஆணைகளைத் திறக்கும் வசதி பலகை விளையாட்டில் உண்டு. தென்னாட்டுக் காடுகளில் இல்லை.

பணிந்தோர் பெற்றது

இனி எதிர்ப்பக்கம் நின்றவர்களைப் பார்ப்போம். புதுக்கோட்டைத் தொண்டைமான் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார். அவருடைய அரசு 1948 வரை நீடித்தது. திருவிதாங்கூரைத் திப்பு 1789 டிசம்பரில் தாக்கியபோது, கும்பினியோடு கொண்ட நட்பே அதற்குக் கேடயமாயிற்று. மூன்றாம் மைசூர்ப் போர் அதிலிருந்தே மூண்டது. ஆனால் அக்கேடயத்துக்கு விலை இருந்தது. 1795லும் 1805லும் ஏற்பட்ட உடன்படிக்கைகளால் திருவிதாங்கூர் கும்பினிப் படைக்குச் செலவு கொடுக்கும் நாடாயிற்று. அச்சுமை தாளாமல் 1809இல் திவான் வேலுத்தம்பி எழுந்து மடிந்தார். நண்பராக வந்தவர் போகவே இல்லை.

போடி போன்ற பாளையங்கள் புதிய ஏற்பாட்டில் ஜமீன்களாயின. படை வைத்திருந்த தலைவர், வரி செலுத்தும் நிலக்கிழார் ஆனார். அரண்மனை இருந்தது, பட்டம் இருந்தது, போர் தொடுக்கவோ உடன்படிக்கை செய்யவோ உரிமை இல்லை. ஜமீன் ஒழிப்புக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரை இந்நிலை நீடித்தது. போடி அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. நாடிழந்த இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையும், பகைவன் தம்பிக்குத் தந்த அடைக்கலமும் இல்லாமல் அக்காப்பியம் நடவாது. வாலியை மறைந்து நின்று கொன்றது தகுமா என்னும் தீராத வினாவும், ஒரு கூட்டணி கேட்ட விலையைப் பற்றிய வினாதான்.

பலகையில் இடம்பெறாதோர்

போர்கள் ஓய்ந்த பின்னும் ஆட்டம் ஓயவில்லை, தாளுக்கு மாறியது. 1877 சூலை 11ஆம் நாள் பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலைப் பரப்பை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகையாக எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. 1886 அக்டோபர் 29இல் பெரியாற்று நீருக்கான 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகம் இத்தாளின் மேல் நிற்கிறது. இதனைப் பெற இரு அரசுகளும் இருபதாண்டுகளுக்கு மேல் பேசின.

இத்தாள்களில் எங்கும் காணாத பெயர்கள் சில உண்டு. முதுவர், மன்னான், பளியர். முதுவர் தாம் மதுரையிலிருந்து முதுகில் சுமை சுமந்து மலையேறியதாகக் கூறுவர். மன்னான்களும் மதுரையையே தம் பூர்வீகம் என்பர். மலைக்கு உரிமை கொண்டாடிய பூஞ்ஞாற்றாரும் அதையே கூறினர் என்பதைக் கருதினால், மலையேறிய அனைவரும் ஏதோ ஒரு தோல்வியிலிருந்து தப்பி வந்தவர்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. அவர்களுடைய காட்டு வழிகளையும் காட்டறிவையும் கொண்டே மற்றவர்கள் மலையை அறிந்தனர். ஆனால் பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. ஆட்டத்தில் அவர்கள் காயும் அல்லர், பலகையின் கட்டங்கள்.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநில எல்லை அம்மலைமுகட்டின் வழியே சென்றது. தேவிகுளமும் பீர்மேடும் வேண்டுமென்ற தமிழர் கோரிக்கை நிறைவேறவில்லை. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் கிடைத்தன. ஒன்றைப் பெற ஒன்றை விடும் அதே பழைய கணக்கு. ஏலக்காய் மட்டும் அக்கோட்டை மதிக்கவில்லை. போடியிலிருந்து ஆட்கள் மெட்டு ஏறிச் சென்று தோட்டங்களில் உழைக்கிறார்கள். காய் இறங்கி வந்து போடியில் ஏலம் போகிறது. அரசர்கள் கையெழுத்திட்ட எந்த உடன்படிக்கையையும் விட மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான இவ்வுறவு நீண்டு நிற்கிறது.

விளையாட்டில் கூட்டணியை மதிப்பிடுவது எளிது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் யார் என்று தெரிந்துவிடும். அவ்வளவுகோலை வரலாற்றில் வைத்தால், தொண்டைமானே சிறந்த ஆட்டக்காரர், கோபால நாயக்கர் தோற்றவர். நம் மக்கள் நினைவு அவ்வாறு தீர்ப்பளிக்கவில்லை. அதே நினைவு, பணிந்தவர் அனைவரையும் துரோகிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் நேரிதன்று. பணியாதிருந்தால் தம் ஊர் எரியும் என்பதை அறிந்திருந்தவர்கள் அவர்கள். எரிந்த ஊர்களைக் கண்ணால் கண்டிருந்தார்கள்.

எனவே கேட்க வேண்டியது, யார் வென்றார் என்பதன்று. அக்கூட்டணி யாரைக் காத்தது, யார் தலையில் விலையை ஏற்றியது என்பதே. களக்காட்டை வைத்துச் செய்த கூட்டு, களக்காடு கைமாறியதும் முடிந்தது. விருப்பாட்சியில் ஓர் அரசிக்குத் திறந்த கதவு இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெரும் எழுச்சியாக விரிந்தது. அது தோற்றது உண்மை. ஆனால் அந்நூற்றாண்டில் வேறு எக்கூட்டணியும் தன் எல்லைக்கு அப்பாலிருந்தோரைத் தன்னவர் என்று அழைக்கவில்லை.